படிமக் குறிப்பலைச் செயலி இயக்கி

படிமக் குறிப்பலைச் செயலி இயக்கி என்பது, ஒளிப்படக்கருவியின் உணரியிலிருந்து வரும் கச்சாத் தரவைப் பார்க்கத்தக்க படமாக மாற்றும் வன்பொருளை இயக்குதளத்தின் சார்பில் நடத்தும் மென்பொருள் ஆகும். நகர்பேசி, மடிக்கணினி, கண்காணிப்புக் கருவி, தானுந்து என ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்ட பெரும்பாலான கருவிகளில் இத்தகைய இயக்கி ஒன்று உண்டு. லினக்சு கருனியின் இயக்கிகளுக்கு மூலநிரல் எவரும் படிக்கக் கிடைப்பதால், இக்கட்டுரை அவற்றையே சான்றாகக் கொண்டு விளக்குகிறது. ஆண்ட்ராய்டும் லினக்சு கருனியின் மீதே இயங்குகிறது என்பதால், இங்குக் கூறப்படுவனவற்றில் பெரும்பகுதி கைப்பேசிகளுக்கும் பொருந்தும்.

பெயரில் "செயலி" என்று இருப்பதால் இயக்கியே படத்தை ஆக்குகிறது என்று கருதுவது பொதுவான மயக்கம். இயக்கி ஒரு படவணுவைக்கூடத் தொடுவதில்லை. எந்தத் தரவு எங்கிருந்து எங்குச் செல்ல வேண்டும், எந்த எண்களைக் கொண்டு பெருக்க வேண்டும், முடிந்தபின் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பனவற்றை ஏற்பாடு செய்வதே அதன் பணி.

உணரி தருவது என்ன

உணரியின் ஒவ்வொரு படவணுவும் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. ஆகையால் ஒவ்வொன்றின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வடிகட்டி வைக்கப்படுகிறது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைசு பேயர் என்பவருக்கு 1976-இல் காப்புரிமை வழங்கப்பட்ட அமைப்பு இது. நான்கு படவணுக்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கண் பச்சையிலேயே நுணுக்கத்தை மிகுதியாகக் காண்பதால் பச்சைக்கு இரு பங்கு.

இத்தரவு பெரும்பாலும் சிஎஸ்ஐ-2 எனும் தொடர் இணைப்பு வழியாகச் செல்கிறது. ரா-10 எனும் வடிவில் நான்கு படவணுக்கள் ஐந்து பைட்டுகளில் அடுக்கப்படும்: நான்கின் மேல் எட்டு பிட்டுகள் முதலில், எஞ்சிய இரண்டிரண்டு பிட்டுகள் ஐந்தாம் பைட்டில். 1920×1080 அளவுள்ள ஒரு படச்சட்டத்திற்கு 25,92,000 பைட்டுகள் ஆகின்றன. நொடிக்கு 30 சட்டம் என்றால் ஏறத்தாழ 78 மெகாபைட்டு. உணரிக்குக் கட்டளைகள் செல்வது மட்டும் வேறு பாதையில். அது ஐ2சி எனப்படும் மிக மெதுவான இருகம்பி இணைப்பு. தரவு விரைவுச்சாலையில் வருகிறது, கட்டளை ஒற்றையடிப் பாதையில் போகிறது. பின்னர்க் கூறப்படும் சிக்கல்களில் பாதி இவ்வேற்றுமையால் விளைபவை.

செயலியின் உள்ளே

கச்சாத் தரவு வரிசையாகப் பல கட்டங்களைக் கடக்கிறது. ஒளியே இல்லாதபோதும் உணரி சுழியத்தைத் தருவதில்லை. ராசுபெரி பையின் இரண்டாம் தலைமுறை ஒளிப்படக்கருவியில் உள்ள சோனி ஐஎம்எக்சு219 உணரி 10 பிட்டு அளவில் 64 என்ற மதிப்பைக் கருமைக்குத் தருகிறது. முதலில் இது கழிக்கப்படும். பின் பழுதுற்ற படவணுக்கள் அண்டை மதிப்புகளால் நிரப்பப்படும்; வில்லையால் ஓரங்களில் ஏற்படும் மங்கல் ஈடுசெய்யப்படும்; வெண்சமநிலைக்காகச் சிவப்பும் நீலமும் பெருக்கப்படும். அதன்பின் ஒவ்வொரு படவணுவிற்கும் இல்லாத இரு நிறங்கள் அண்டைப் படவணுக்களைக் கொண்டு கணிக்கப்படும். தொடர்ந்து 3×3 நிற அணி, காமா வளைவு, இரைச்சல் நீக்கம், கூர்மையாக்கம், இறுதியில் ஒய்யூவி வடிவிற்கு மாற்றம்.

நிற அணியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். உணரியின் சிவப்பு வடிகட்டி கண்ணின் சிவப்புணர்வோடு ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு நிறத்திலும் பிற நிறங்கள் கசிகின்றன. அந்தக் கசிவைக் கழிக்கும் ஒன்பது எண்களே இவ்வணி. ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 1 ஆக இருக்குமாறு வைப்பர். அப்போதுதான் சாம்பல் நிறம் சாம்பலாகவே இருக்கும். ஆனால் ஒன்பது எண்களால் எல்லா நிறங்களையும் சரிசெய்ய இயலாது. காரைக்குடிக்கு அருகிலுள்ள குன்றக்குடியில் மயில் வடிவினது என்று தலமரபு கூறும் குன்றின் மீது சண்முகநாதர் கோயில் உள்ளது. அங்கு ஒரு மயிலின் கழுத்தை இருவேறு நிறுவனங்களின் கைப்பேசிகளால் எடுத்துப் பார்த்தால் இரண்டு நீலங்கள் கிடைக்கும். இரண்டும் கண்ட நீலம் அன்று. மயிற்பீலியின் நிறம் சாயத்தால் வருவதன்று, நுண்ணமைப்பால் வருவது. அதன் ஒளிக்கற்றை குறுகிய அலைநீளங்களில் செறிந்திருப்பதால், சராசரிப் பொருள்களுக்குப் பொருத்தப்பட்ட அணி அங்கே தடுமாறுகிறது.

இயக்கியின் தொடக்கம்

கருவி இயங்கத் தொடங்கும்போது கருனி, கருவிமரம் எனப்படும் விவரக்கோப்பிலிருந்து செயலியின் பதிவகங்கள் எந்த முகவரியில் உள்ளன, எந்தக் குறுக்கீட்டு எண் ஒதுக்கப்பட்டுள்ளது, எந்தக் கடிகாரங்களும் மின்வழங்கிகளும் தேவை என்பவற்றை அறிந்து இயக்கியை அழைக்கிறது. இயக்கி அவற்றைக் கைக்கொண்டு தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. உணரியின் இயக்கி தனியானது. அது முன்னோ பின்னோ வரலாம். எனவே செயலியின் இயக்கி, எதிர்பார்க்கும் உணரிகளின் பட்டியலை ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறது. எல்லாம் வந்து சேர்ந்தபின்னரே பயனருக்குக் கருவிக்கோப்புகள் தென்படும். புதிய பலகையில் ஒளிப்படக்கருவி "காணவில்லை" என்றால், பெரும்பாலும் செயலியில் பிழை இராது. வராத விருந்தினருக்காகக் காத்திருப்பு நடந்துகொண்டிருக்கும். எளிய பரிசோதனை, உணரி ஐ2சி முகவரியில் பதிலளிக்கிறதா என்று பார்ப்பது.

ஊடகக் கட்டுப்படுத்தி

லினக்சில் நிகழ்படக் கருவிகளுக்கான வி4எல்2 இடைமுகம் 2.5 வரிசைக் கருனியில் சேர்க்கப்பட்டது. அது தொலைக்காட்சி அட்டைகளை மனத்திற்கொண்டு வரையப்பட்டது: ஒரு கருவி, ஒரு கோப்பு, ஒரு படம். நோக்கியா நிறுவனம் 2009-இல் வெளியிட்ட என்900 கைப்பேசியில் டெக்சாசு இன்சுற்றுமென்சு நிறுவனத்தின் ஓமேப்3 சில்லு இருந்தது. அதன் படிமச் செயலியில் பெறுமுனைகள், முன்னோட்டப் பொறி, அளவுமாற்றி, புள்ளிவிவரம் திரட்டும் பகுதிகள் எனப் பல அலகுகளும், அவற்றை வெவ்வேறு வகையில் இணைக்கும் வழிகளும் இருந்தன. ஒரே கோப்பிற்குள் இதனை அடக்க முடியவில்லை.

இதற்கு விடையாக வந்ததே ஊடகக் கட்டுப்படுத்தி. வன்பொருளின் ஒவ்வோர் அலகும் ஒரு கணுவாகவும், அவற்றிடையேயுள்ள பாதைகள் இணைப்புகளாகவும் காட்டப்படும். எந்த இணைப்பு திறந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முனையிலும் என்ன வடிவம், என்ன அளவு என்பதைப் பயனர்வெளி நிரலே தீர்மானிக்கும். ஓமேப்3 இயக்கியும் ஊடகக் கட்டுப்படுத்தியும் 2011 மே மாதம் வெளியான 2.6.39 கருனியில் ஒன்றாக இடம்பெற்றன. இடையகங்களை மேலாளும் வீடியோபஃப்2 எனும் பொதுநிரலும் அதே வெளியீட்டில் வந்தது. இன்றைய இயக்கிகள் யாவும் இம்மூன்றின் மீது கட்டப்பட்டவை என்பது மிகையன்று.

படம் ஓடத் தொடங்குமுன் இயக்கி பாதை முழுவதையும் சரிபார்க்கும். ஒரு முனை 10 பிட்டு பேயர் தரவு தருவதாகவும் மறுமுனை 8 பிட்டு எதிர்பார்ப்பதாகவும் இருந்தால் தொடக்கக் கட்டளை மறுக்கப்படும். புதியவர்கள் மிகுதியாகச் சந்திக்கும் பிழை இதுவே.

ஒரு படச்சட்டத்தின் பயணம்

ராக்சிப் ஆர்கே3399 சில்லிற்கான ஆர்கேஐஎசுபி1 என்ற இயக்கியை எடுத்துக்கொள்வோம். இது 2020-இல் 5.6 கருனியின் ஒத்திகைப் பகுதியில் சேர்ந்து, 2021-இல் 5.11 வெளியீட்டில் முறையான இடம் பெற்றது. பெரிய படங்களுக்கான முதன்மைப் பாதை, முன்னோட்டத்திற்கான தன்பாதை, புள்ளிவிவரம், அளவுருக்கள் என இது நான்கு கோப்புகளை வெளிக்காட்டுகிறது. முதல் மூன்றும் தரவைத் தருவன. நான்காவது தரவைப் பெறுவது.

பயனர்வெளி நிரல் சில இடையகங்களை வரிசையில் இடுகிறது. இயக்கி முதல் இடையகத்தின் முகவரியைச் செயலியின் பதிவகத்தில் எழுதுகிறது. இப்பதிவகம் இரட்டை அடுக்குடையது. எழுதப்படுவது நிழற்படியில் மட்டும் விழும். நடப்புச் சட்டம் முடியும் கணத்திலேயே அது செயலுக்கு வரும். இந்த ஏற்பாடு இல்லாவிடில் படத்தின் மேற்பாதி ஓர் இடையகத்திலும் கீழ்ப்பாதி மற்றோர் இடையகத்திலும் விழ நேரும். இதனால் இயக்கி எப்போதும் ஒரு சட்டம் முன்னதாகவே சிந்திக்க வேண்டியுள்ளது: இப்போது நிரம்பிக்கொண்டிருப்பது ஒன்று, அடுத்து வரப்போவது இன்னொன்று.

சட்டம் தொடங்கும்போது ஒரு குறுக்கீடு எழும். இயக்கி வரிசை எண்ணை ஒன்று கூட்டும். சட்டம் முடியும்போது மற்றொன்று எழும். நிரம்பிய இடையகத்தில் நேரமும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டுப் பயனர்வெளிக்குத் திருப்பித் தரப்படும். வரிசையிலிருந்து அடுத்தது எடுக்கப்படும். வரிசை காலியாக இருந்தால்? உணரி யாருக்காகவும் நிற்பதில்லை. ஆகவே இவ்வியக்கி போலி இடையகம் ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறது; வேண்டாத சட்டம் அதில் கொட்டப்படும். அடுப்பிலிருந்து இறங்கும் பாலுக்கு எப்போதும் ஒரு பாத்திரம் தயாராக இருக்க வேண்டும் என்பதைப் போன்றது இது.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. செயலி நினைவகத்தில் எழுதுவது மையச் செயலியின் துணையின்றி, நேரடியாக. முகவரி தவறினால், அல்லது பயனர் விடுவித்துவிட்ட இடையகத்தைச் செயலி இன்னும் நிரப்பிக்கொண்டிருந்தால், நொடிக்கு 90 மெகாபைட்டுக்கு மேற்பட்ட படத்தரவு வேறு யாருடைய நினைவகத்திலோ கொட்டும். கருனியின் சொந்தத் தரவாகவும் அது இருக்கலாம். முகவரி மொழிபெயர்ப்பு அலகு உள்ள சில்லுகளில் இத்தவறு தடுக்கப்பட்டு ஒரு பிழைச்செய்தியோடு முடியும். இல்லாதவற்றில் கணினி எங்கோ, பின்னொரு நேரத்தில், தொடர்பற்ற காரணம் காட்டி வீழும். இதனால்தான் நிறுத்தும் நிரல், தொடங்கும் நிரலைவிடக் கவனமாக எழுதப்படுகிறது. நிறுத்தக் கட்டளை வந்தாலும் நடப்புச் சட்டம் முடியும்வரை காத்திருந்து, வன்பொருள் ஓய்ந்ததை உறுதி செய்தபின்னரே இடையகங்கள் திருப்பித் தரப்படும். ஓர் இயக்கியின் தரத்தை அறிய விரும்பும் மாணவர் முதலில் நிறுத்தும் பகுதியைப் படிக்கலாம்.

புள்ளிவிவரமும் பின்னூட்டமும்

ஒளி கூடுதலா குறைவா என்பதை இயக்கி எப்படி அறிகிறது? அறிவதில்லை. செயலி ஒவ்வொரு சட்டத்தையும் ஆக்கும்போதே சில கணக்குகளையும் எடுக்கிறது. ஆர்கே3399-இல் படம் 25 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றின் சராசரி ஒளிர்வும், 16 வகுப்புகள் கொண்ட ஒளிர்வுப் பரவலும், வெண்சமநிலைக்கான நிறச் சராசரிகளும், குவியத்திற்கான கூர்மை அளவுகளும் கிடைக்கின்றன. இயக்கி இவற்றை அப்படியே பயனர்வெளிக்கு அனுப்புகிறது. முடிவெடுப்பது அங்குள்ள படிமுறை. முடிவு அளவுருக் கோப்பு வழியே திரும்பி வந்து, சட்ட முடிவுக் குறுக்கீட்டின்போது பதிவகங்களில் எழுதப்படும்.

ஒளிபடு நேரமும் பெருக்கமும் மட்டும் உணரியில் மாற்றப்பட வேண்டியவை. அவை ஐ2சி வழியே செல்லும். ஐ2சி மெதுவானது, அதில் எழுதும் நிரல் உறங்கிக் காத்திருக்கக்கூடியது. குறுக்கீட்டுக் கையாளியோ உறங்கக் கூடாது. ஆகவே இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய முடியாது.

குன்றக்குடிக் குன்றின் அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள் உள்ளன. ஒருவர் அவற்றுள் ஒன்றின் உள்ளிருந்து நிகழ்படம் எடுத்துக்கொண்டே நடுப்பகல் வெயிலுக்கு வெளியே வருவதாகக் கொள்வோம். வெளியிலுள்ள ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உள்ளே இராது. 100-ஆம் சட்டத்தில் வெயில் விழுகிறது. அதன் புள்ளிவிவரம் சட்ட முடிவில் கிடைக்கும். 101-ஆம் சட்டம் ஓடும்போது படிமுறை கணக்கிட்டு உணரிக்குப் புதிய நேரத்தை எழுதும். பல உணரிகளில் ஒளிபடு நேரம் எழுதிய பின் இரண்டு சட்டங்கள் கழித்தே செயலுக்கு வரும். பெருக்கம் சிலவற்றில் ஒரு சட்டத்திலேயே வந்துவிடும். ஆக 103-ஆம் சட்டமே திருத்தம் பெற்றது. நொடிக்கு 30 சட்டம் எனில் பத்தில் ஒரு நொடி.

இடைப்பட்ட 101, 102 சட்டங்களும் வெளுத்தே வருகின்றன. படிமுறை இத்தாமதத்தை அறியாவிட்டால், தன் திருத்தம் போதவில்லை என்றெண்ணி மேலும் குறைக்கும். பின் படம் இருண்டுவிடும், மீண்டும் கூட்டும். படம் மூச்சுவிடுவது போல் வெளுத்தும் கறுத்தும் ஆடும். மலிவான கருவிகளில் இதைக் கண்டவர் பலர். தீர்வு, எந்தச் சட்டம் எந்த நேரத்தோடும் பெருக்கத்தோடும் எடுக்கப்பட்டது என்பதை வரிசை எண் கொண்டு நினைவில் வைத்து, புள்ளிவிவரத்தை அதனோடு சேர்த்தே எடைபோடுவது. இரண்டின் தாமதங்களும் வேறுபட்டால், விரைவில் வருவதைத் தாமதித்து எழுத வேண்டும். இல்லையேல் ஒரே ஒரு சட்டம் மட்டும் மின்னி மறையும். வரிசை எண் ஒன்று தவறினாலும் இக்கணக்கு முழுவதும் பிறழும். குறுக்கீட்டில் ஓர் எண்ணைக் கூட்டும் அற்பமான வரி என்று மேலே கூறப்பட்டதன் மதிப்பு இங்கே விளங்கும்.

வெண்சமநிலையிலும் இதே பாதைதான், தாமதம் மட்டும் குறைவு. பழைய, எளிய படிமுறை உலகின் சராசரி சாம்பல் நிறம் என்று கொள்ளும். செட்டிநாட்டு வீடொன்றில் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த செந்நிறத் தரையைப் படமெடுத்தால், சிவப்பு விளக்கின் கீழ் சாம்பல் தரை உள்ளது என்று அது முடிவு செய்து நீலத்தைக் கூட்டும். தரை மங்கும், அருகிலுள்ள வெள்ளைச் சுவர் நீலம் பாரிக்கும். ஆகவே உண்மையான விளக்குகளின் ஒளி எந்தெந்த நிற விகிதங்களுக்குள் அடங்கும் என்ற வளைவு ஒன்று ஒவ்வோர் உணரிக்கும் முன்னரே அளந்து வைக்கப்படுகிறது.

அளவுருக்கள் யாருடையவை

மேற்கூறிய வளைவு, நிற அணி, வில்லை ஈடு, இரைச்சல் அட்டவணை ஆகியன கணக்கால் மட்டும் வருவன அல்ல. ஆய்வகத்தில் அளந்தும், ஆட்கள் பார்த்துத் தேர்ந்தும் அமைக்கப்படுவன. இதற்குப் பரவலாகப் பயன்படும் மெக்பெத் வண்ண அட்டை 1976-இல் வந்தது. அதில் 24 நிறக்கட்டங்கள் உண்டு. அவற்றுள் மனிதத் தோலுக்கானவை இரண்டே, கருந்தோல் ஒன்று, வெண்தோல் ஒன்று. தமிழ்நாட்டின் தோல் நிறங்கள் அனைத்தும் இவ்விரண்டிற்கும் இடையிலும் அப்பாலும் பரவிக் கிடக்கின்றன. எந்த முகங்களைப் பார்த்து அட்டவணை தேர்ந்தெடுக்கப்பட்டதோ அம்முகங்களுக்கே படம் நன்றாக வரும். முகம் கண்டறியப்பட்டதும் ஒளியைக் கூட்டும் நிரலும் இருந்தால், கறுத்த முகம் வெளுத்து, பின்னணி எரிந்துபோகும். இது இயக்கியின் பிழையன்று. ஆனால் அட்டவணை மூடிய கோப்பாக இருந்தால் திருத்துவதற்கும் வழியில்லை.

இதனால் இயக்கி எந்த அளவிற்குத் திறந்திருக்கிறது என்ற கேள்வி வெறும் உரிமச் சிக்கல் அன்று. பல நிறுவனங்கள் கருனியில் மெல்லிய பகுதியொன்றை மட்டும் வெளியிட்டு, படிமுறைகளை மூடிய நூலகமாகவும் நிலைபொருளாகவும் வைத்துக்கொள்கின்றன. நிறுவனம் ஆதரவை நிறுத்தினால், புதிய கருனியில் ஒளிப்படக்கருவி பயனற்றுப் போகிறது. இன்டெல் ஐபியு6 செயலியைக் கொண்ட மடிக்கணினிகளை வாங்கிய லினக்சு பயனர்கள் பலருக்கு ஒளிப்படக்கருவி ஆண்டுக்கணக்கில் இயங்கவில்லை. 2024-இல் வெளியான 6.10 கருனியில் தரவைப் பெறும் பகுதிக்கான இயக்கி மட்டும் சேர்ந்தது. படம் ஆக்கும் பகுதி சேரவில்லை. அவ்விடைவெளியை நிரப்ப, அதே ஆண்டில் லிப்கேமரா திட்டம் செயலியின் வேலையை மையச் செயலியிலேயே செய்யும் மென்பொருள் வழியைச் சேர்த்தது. மின்கலத்தைத் தின்னும் வழிதான்; எனினும் படம் வருகிறது.

லிப்கேமரா 2018-இல் தொடங்கப்பட்ட கட்டற்ற திட்டம். இயக்கிக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று, பாதைகளை அமைப்பதையும் படிமுறைகளை இயக்குவதையும் ஏற்கிறது. மூடிய படிமுறை நூலகங்களையும் இது அனுமதிக்கிறது, ஆனால் தனிச் செயல்முறையாகப் பிரித்து வைக்கிறது. ராசுபெரி பை நிறுவனம் தன் அட்டவணைகளை மனிதர் படிக்கக்கூடிய கோப்புகளாகவே வெளியிடுகிறது. 2023-இல் வந்த ராசுபெரி பை 5-இன் படிமச் செயலிக்கான இயக்கிகள் 2024 முதல் முதன்மைக் கருனியில் சேர்ந்தன. நிற அணியைத் தானே மாற்றி விளைவைக் காண விரும்பும் மாணவருக்கு இதனினும் எளிய வழி தற்போது இல்லை.

தமிழ்நாட்டில்

சென்னையில் 2003-இல் தொடங்கப்பட்ட ஈ-கான் சிசுடம்சு நிறுவனம் பதிகணினிகளுக்கான ஒளிப்படக்கருவிகளையும் அவற்றிற்கான வி4எல்2 இயக்கிகளையும் உருவாக்குகிறது. என்விடியா செட்சன் பலகைகளுக்கான அதன் கருவிகள் இருவகையின. ஒருவகை கச்சாத் தரவைத் தரும். அதனைப் படமாக்கப் பலகையிலுள்ள படிமச் செயலி தேவை, அச்செயலியை என்விடியாவின் மூடிய நூலகம் வழியே அணுக வேண்டும். மற்றொரு வகையில் உணரியோடு தனியே ஒரு படிமச் செயலிச் சில்லும் பொருத்தப்பட்டிருக்கும். ஆக்கப்பட்ட படமே இணைப்பில் வரும். அப்போது பலகையின் இயக்கிக்கு வேலை மிகக் குறைவு: பெறு, இடையகத்தில் இடு, திருப்பிக் கொடு. ஒளியும் நிறமும் பற்றிய கணக்குகள் யாவும் அச்சில்லின் நிலைபொருளுக்குள் சென்றுவிடுகின்றன.

வன்பொருள் இன்றிக் கற்றல்

கருனியில் 2017 முதல் விம்சி என்ற மாய இயக்கி உள்ளது. இரு போலி உணரிகள், பேயர் தரவை நிறப்படமாக்கும் கணுக்கள், அளவுமாற்றி, கோப்புகள் என முழுப் பாதையையும் இது நினைவகத்திலேயே உருவாக்குகிறது. எந்த லினக்சு கணினியிலும் இதனை ஏற்றி, மீடியா-சிடிஎல் என்ற கருவியால் கணுக்களின் வரைபடத்தைக் காணலாம், இணைப்புகளை மாற்றலாம், இருமுனைகளின் வடிவங்களை வேண்டுமென்றே பொருந்தாமல் வைத்து, தொடக்கக் கட்டளை மறுக்கப்படுவதைப் பார்க்கலாம். இதன் மூலநிரல் சில ஆயிரம் வரிகளே. குறுக்கீடும் பதிவகமும் இல்லாததால், இடையக வரிசையும் பாதைச் சரிபார்ப்பும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. அதை முடித்தபின் ஆர்கேஐஎசுபி1-இன் மூலநிரலைத் திறந்தால், கூடுதலாக இருப்பவை எல்லாம் வன்பொருளின் நேரத்தோடு நடக்கும் போராட்டம் என்பது புலப்படும்.